71-ஆம் பக்கத்தில் நிற்கிறேன்

என் மேசையில் அட்டை இல்லாத ஒரு பாக்கெட் நாவல் ஐந்து மாதமாகக் கிடக்கிறது. அப்பா வாங்கியது. முன்னட்டையும் முதல் இரண்டு தாள்களும் எப்போதோ போய்விட்டதால் தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. கதை எடுத்த எடுப்பில் ஒரு பங்களா போர்ட்டிகோவில் தொடங்குகிறது. மொத்தமே 96 பக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறினால் மரினா பே வருவதற்குள் முடித்துவிடலாம். என்னால் 71-ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை ரசீது செருகியிருக்கிறது. அதை வைத்தது நான் இல்லை.

இந்த ஒரு புத்தகத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வரும் துப்பறியும் நாவல் எல்லாவற்றுக்கும் இப்போது இதே கதிதான். முக்கால்வாசி ஓடியதும், துப்பறிபவர் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி உட்கார வைக்கும் நேரம் பார்த்து, மூடி வைத்துவிடுகிறேன். கொலையாளி யார் என்பதில் எனக்கு அக்கறை விட்டுப்போச்சு என்றால் என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கத்தான் செய்வாள். கல்யாணமான புதிதில் அவள் படித்துக்கொண்டிருந்த நாவலின் முடிவைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் சோறு தானே போட்டுச் சாப்பிட்டவன் நான்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனால், கறி, காய் வாங்குவதற்கு முன்பே சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை வாசலில் நின்றுவிடுவார். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் பாக்கெட் நாவல்களில் இரண்டோ மூன்றோ இறங்கும். விவேக்-ரூபலா, பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி என்ற துப்பறியும் ஜோடிகள் எல்லோரும் அப்படித்தான் மீன் பையோடு மீன் பையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும் மட்டும் கண்ணாடி அலமாரியில், கொஞ்சம் மரியாதையாக. ‘ப்ரியா’ நாவலில் கணேஷ் லண்டனுக்குப் போவார். 1978-இல் படமாக எடுத்தபோது அதைச் சிங்கப்பூர் ஆக்கிவிட்டார்கள். ‘நம்ம ஊருக்கு கணேஷ் வந்துட்டான்’ என்று அப்பா கடைசி வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுஜாதாவுக்கு அந்தப் படம் அவ்வளவு பிடிக்கவில்லை என்று யாரோ சொன்னபோதுகூட, ‘அவருக்கென்ன, அவர் லண்டனைப் பார்த்திருப்பார்’ என்றார்.

அப்பா போன பிறகு அந்தப் புத்தகங்களை நான்கு அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தேன். பெரும்பாலானவை பூச்சி அரித்துப் பொடிப் பொடியாகிவிட்டன. சென்ற ஆண்டுக் கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பழைய சாமான் எடுக்கும் காராங் குனிக்காரருக்காக அவற்றைக் கீழே இறக்கினேன். மின்தூக்கிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தால், ஏழாம் மாடிப் பையன் ஒருவன் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘கிரைம் நாவலுங்களாண்ணா? ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா, படிச்சுட்டுத் தர்றேன்’ என்றான். குப்பைக்குப் போகிற புத்தகத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அவன் எடுத்ததுதான் இந்த அட்டையில்லாப் புத்தகம்.

மஞ்சள் புள்ளிகள்

எங்கள் புளோக் பன்னிரண்டு மாடி. நாங்கள் ஒன்பதில் இருக்கிறோம். எங்களுக்கு நேர்கீழே, அதே வரிசையில் இரண்டாம் மாடியில் ஒரு சீன ஆன்ட்டி. எழுபது வயதுக்கு மேல். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் துணி காயப்போட்டால் அளவுகோல் வைத்தது போல் இருக்கும்: பேரனின் பள்ளிச் சட்டை, கால்சட்டை, தலையணை உறை, பிறகு மறுபடி சட்டை. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அந்தச் சட்டைகளில் மஞ்சள் புள்ளிகள் விழத் தொடங்கின. கடுகளவில் சில, அரிசி நீளத்தில் சில. காய்ந்தால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆன்ட்டி ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு மின்தூக்கி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் காட்டினார். என்னிடம் காட்டும்போது குரலைக் கொஞ்சம் தணித்து, ‘கறியா இருக்கும் லா, மேலேயிருந்து யாரோ ஊத்துறாங்க’ என்றார். ‘உங்கள் ஆட்கள்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. மஞ்சளாக இருக்கிறதே.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ உற்சாகம். இத்தனை வருஷம் படித்ததற்கு வாசல் தேடி ஒரு கேஸ் வந்திருக்கிறது! ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் பனி பெய்து பாதை அடைபட்ட மாளிகை ஒன்று வரும். வெளியிலிருந்து யாரும் வர முடியாது, உள்ளே இருக்கும் எட்டுப் பேரில் ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் அதற்குப் பனியெல்லாம் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சமையலறை ஜன்னல்கள். மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை பத்து வீடு. அந்தப் பத்தில் இந்தியர் வீடு மூன்று: எங்களுடையது, ஏழாம் மாடி, பதினொன்றாம் மாடி. 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் புண்ணியத்தில் எந்தப் புளோக்கிலும் நாம் இவ்வளவுதான் இருப்போம். பட்டியல் போடுவது சுலபம். எங்கள் வீட்டில் யாரும் ஊற்றவில்லை. பதினொன்றில் ஓய்வுபெற்ற மலையாளத் தம்பதி, வீட்டில் செருப்புக்குக்கூட விரிப்பு போட்டு வைத்திருப்பவர்கள். மிச்சம் ஏழு.

ஏழாம் மாடியில் நான்கு பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்தவர்கள். இரண்டு பேர் கப்பல் பட்டறையில், ஒருவன் ஏதோ கிடங்கில், இன்னொருவன் எங்கே என்று நான் கேட்டதில்லை. புத்தகம் எடுத்துப்போனவன் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கிராமம் என்று சொல்லியிருந்தான். இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் தாளிக்கிற வாசனை எங்கள் வீடு வரை வரும். அது எனக்குப் பிடித்த வாசனை என்பதை விசாரணையின்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் நடந்த இன்னும் இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, எங்கள் அம்மா சொன்னது. ஆன்ட்டியின் சட்டை விவகாரத்தை நான் சாப்பாட்டு மேசையில் விளக்கியபோது, அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, ‘மஞ்சள்னா சோப்பு பட்டதும் செவந்திருக்கணுமே? ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு போட்டா எப்படிச் செவக்குது? அதுவும் வெயில்ல ரெண்டு நாள் காஞ்சா மஞ்சக்கறை இருந்த இடம் தெரியாதுடா’ என்றார். ஆன்ட்டி தேய்த்துத் தேய்த்துத் துவைத்தும் அந்தப் புள்ளி சிவக்கவுமில்லை, வெயிலில் வெளுக்கவுமில்லை. இரண்டாவது, திறந்தவெளிக் கார் நிறுத்தத்தில் டாக்சி நிறுத்தும் மலாய்க்கார ‘பாங்’, அதாவது அண்ணன். காலையில் நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் ஈரத் துணியால் கண்ணாடியை அழுத்தித் தேய்த்துக்கொண்டு, ‘புரோங், புரோங்’ என்று பறவைகளைத் திட்டிக்கொண்டிருப்பார். தினமும் பார்த்தேன். தினமும் கையசைத்துவிட்டுப் போனேன்.

நான் என்ன செய்தேன் என்றால், வசிப்போர் குழுவில் இருக்கும் ஒருவரைக் கீழ்த்தளத்தில் பார்த்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன்: ‘ஏழாம் மாடியில நாலு பையனுங்க இருக்காங்க. ஊர்லேர்ந்து வந்தவங்க. ஜன்னல் வழியா ஊத்தக் கூடாதுன்னு தெரியாம இருக்கலாம்.’ அவ்வளவுதான். புகாரெல்லாம் இல்லை. தெரியாமல் இருக்கலாம் என்று அவர்கள் பக்கம் பரிந்துகூடப் பேசியிருக்கிறேன் பாருங்கள்.

சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தவர்கள்

நான் பிறந்து வளர்ந்தது இங்கே. என் அப்பாவும் இங்கேதான். ஆனால் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர், இந்தப் பையன்களைப் போலவே. ‘ஊர்லேர்ந்து வந்தவங்க’ என்று சொல்லும்போது நம் நாக்கில் சேரும் அந்தச் சின்ன அழுத்தத்தைப் பற்றி இங்குள்ள தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மின்தூக்கியில் யாராவது சத்தமாக வீடியோ கால் பேசினால் நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோமே, அதே அழுத்தம்தான். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட எனக்கு மனசில்லை. நான் படித்த கதைகளும் எனக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கின்றன.

துப்பறியும் கதைக்கு விதிகள் எழுதிய காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் எஸ்.எஸ். வான் டைன் 1928-இல் இருபது விதிகள் எழுதினார். அடுத்த வருஷம் இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பத்துக் கட்டளைகள் போட்டார். வாசகனை ஏமாற்றக் கூடாது, தடயம் எல்லாவற்றையும் அவன் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் சரி. நாக்ஸின் ஐந்தாவது கட்டளைதான் வேடிக்கை: கதையில் சீனர் யாரும் வரக் கூடாது. பதினாறு வயதில் இதைப் படித்தபோது, முக்கால்வாசிப் பேர் சீனராக இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பாதிரியாருக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஃபூ மான்சு என்ற சீன வில்லனின் கதைகள் 1912-லிருந்து வந்து வந்து, மலிவுக் கதைகளில் மர்மமான சீனர் ஒருவர் நுழைந்தாலே அவர்தான் வில்லன் என்று ஆகிவிட்டிருந்தது. அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் நாக்ஸ் தடுக்கப் பார்த்தார். வான் டைனும் தன் பங்குக்கு, வேலைக்காரரைக் கொலையாளி ஆக்காதே என்றார். வேலைக்காரர்கள் மேல் இரக்கம் வந்து சொன்னதில்லை. அது ரொம்பச் சுலபமான விடை, வாசகனுக்குச் சப்பென்று ஆகிவிடும் என்பதற்காகச் சொன்னது.

நம் பாக்கெட் நாவல்களும் இந்த விதியை மதித்தன. கூர்க்காவோ டிரைவரோ சமையல்காரரோ கடைசியில் கொலையாளியாக இருப்பது அபூர்வம். ஆனால் நடுவில்? நடுவில் அவர்கள் இல்லாமல் கதையே ஓடாது. பத்தாம் பக்கத்தில் கழுத்தில் தழும்போடு அறிமுகமாவார்கள். இருபதாம் பக்கத்தில் முதலாளியம்மாவை முறைப்பார்கள். நாற்பதில் அவர்கள் டிரங்குப் பெட்டியில் ரத்தக்கறை படிந்த துண்டு கிடைக்கும். பிறகு போலீஸ் ‘கவனிக்கிற விதத்தில்’ கவனிக்கும். வாசகன் தப்பான திசையில் போக வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலை அத்தோடு முடிந்தது. கடைசிப் பக்கத்தில் கொலையாளி அகப்பட்டு, துப்பறிபவரும் உதவியாளரும் காரில் ஏறிக் கிண்டலடித்துக்கொண்டு போகும்போது, அடிவாங்கிய டிரைவர் எங்கே இருக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நானூறு நாவலாவது படித்திருப்பேன்.

இதைக் கேட்ட நாவல்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். அகதா கிறிஸ்டி 1958-இல் எழுதிய ‘ஆர்டீல் பை இன்னசன்ஸ்’ முழுக்க இதைப் பற்றித்தான். தாயைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட மகன் சிறையிலேயே இறந்துவிடுகிறான். அன்டார்க்டிகாவிலிருந்து திரும்பும் ஒருவர், கொலை நடந்த நேரத்தில் அவன் என்னோடு இருந்தான், அவன் நிரபராதி என்று குடும்பத்திடம் வந்து சொல்கிறார். குடும்பம் கண்ணீர் விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறார். அவர்களோ வெலவெலத்துப் போகிறார்கள். அவன் இல்லையென்றால் அந்த வீட்டில் இருக்கும் யாரோ ஒருவர்தானே? மறுநாளிலிருந்து அண்ணன் தங்கையைப் பார்க்கிற பார்வை மாறிவிடுகிறது. கிறிஸ்டியின் வழக்கமான துப்பறிபவர்களான பாயரோ, மார்ப்பிள் இருவருமே வராத நாவல் என்பதால் கிறிஸ்டி ரசிகர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு இப்போது அவர் எழுதியதிலேயே இதுதான் மேல் என்று தோன்றுகிறது, முடிவு கொஞ்சம் அவசரம் என்றாலும்.

அதே 1958-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரீட்ரிஷ் டியூரன்மாட் ‘தி ப்ளெட்ஜ்’ எழுதினார். துப்பறியும் நாவலுக்கு ஒப்பாரி என்றே துணைத்தலைப்பு வைத்தார். காட்டில் ஒரு சிறுமியின் உடலைப் பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொல்வது, கூடை சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்கிற ஒருவன். சொன்னவன் மேலேயே சந்தேகம் விழுகிறது. வெளியூர்க்காரன், பழைய வழக்கு வேறு இருக்கிறது, போதாதா? மணிக்கணக்கில் விசாரிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறான், சிறை அறையிலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறான். கதை அதற்குப் பிறகு எங்கெங்கோ போகிறது, எல்லோரும் அந்த எங்கெங்கோவைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் இப்போது அந்தக் கூடைக்காரன் இருக்கிற பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மின்தூக்கி

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கினேன். ஏழில் நின்றது. அந்தப் பையன் உள்ளே வந்தான், கையில் ஒரு ரைஸ் குக்கர், தோளில் பெரிய பை. வெளியே இன்னும் மூன்று பெட்டிகள். ‘வீடு மாத்துறோங்கண்ணா’ என்றான். வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வீட்டுக்காரர் புதுப்பிக்கவில்லை. அது என்னால்தான் என்று சொல்ல முடியாது. வாடகை ஏறிக்கொண்டிருந்த நேரம், வீட்டுக்காரருக்கு வேறு கணக்கு இருந்திருக்கலாம். இந்த ‘இருக்கலாம்’தான் என்னை ஐந்து மாதமாகத் தூங்க விடாமல் படுத்துகிறது.

அவன் பைக்குள் கைவிட்டு அட்டையில்லாப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். ‘உங்களைப் பாக்காமப் போயிடுவேனோன்னு நெனச்சேன்.’

‘முடிச்சிட்டியா தம்பி?’

‘இல்லீங்கண்ணா. ஷிப்டு மாறிடுச்சு, முக்காவாசி வந்தேன்.’

வச்சுக்கப்பா, பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். கை தானாக வாங்கிக்கொண்டது. எங்கள் மின்தூக்கி ஏழிலிருந்து கீழே போக இருபது விநாடிகூட ஆகாது. நாலாம் மாடி தாண்டும்போது அவன் கதவைப் பார்த்தபடி சொன்னான்: ‘அண்ணா, அந்த மஞ்சக் கறை நாங்க இல்லீங்கண்ணா.’

‘தெரியும் தம்பி, தெரியும்’ என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தது போல் இருந்தது. கதவு திறந்துவிட்டது. பெட்டி தூக்க ஒரு கை கொடுத்தேன். அவ்வளவு தாராளம் எனக்கு.

ஆன்ட்டியின் முக்காலி

பையன்கள் போன பிறகும் புள்ளிகள் விழுந்தன. நான் அடுத்து யாரைச் சந்தேகிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆன்ட்டி யோசிப்பதை விட்டுவிட்டுச் சமையலறை ஜன்னலருகே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று சாயங்காலம். நான்காம் நாள் எங்கள் வீட்டு இரும்புக் கதவைத் தட்டி, ‘வா, வந்து பாரு’ என்று கீழே கூட்டிக்கொண்டு போனார். கார் நிறுத்தத்தின் நடுவில் நிற்க வைத்து மேலே கை காட்டினார். பன்னிரண்டாம் மாடிக்கு மேலே, கூரை விளிம்புக்கு அடியில் கறுப்பாக ஒன்று தொங்கியது. நனைந்த சாக்குப் பை மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் மேல் ஒரு அலை ஓடுகிறது. சற்று நேரத்தில் அதிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே சுற்றிவிட்டுத் திரும்பியது. ஆன்ட்டி தன் வெள்ளைச் சட்டைக் கையை நீட்டிக் காட்டினார். புத்தம் புதிதாக இரண்டு மஞ்சள் புள்ளி. ‘தேனீ பீ லா’ என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் பாங்கின் டாக்சி நின்றிருந்தது. கூரையெல்லாம் அதே புள்ளி. அதற்கடுத்த கார், அதற்கும் அடுத்த கார், சைக்கிள் நிறுத்துமிடம், எல்லாவற்றிலும். ஜன்னலிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் நாற்பது மீட்டர் தள்ளி நிற்கிற டாக்சி மேல் எப்படி விழும்? தடயம் எல்லாவற்றையும் எனக்கும் காட்டித்தான் இருந்தார்கள். நாக்ஸ் பாதிரியாரே வந்தாலும் குறை சொல்ல முடியாது. அம்மா ஆரத்தித் தட்டு வரைக்கும் எடுத்துச் சொல்லிவிட்டார். ஷாமினி ஃபிளின்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளை கேன்வாஸ் ஷூவில் நடந்தே இதைக் கண்டுபிடித்திருப்பார். ஒவிடியா யூவின் ஆன்ட்டி லீ, சமையலுக்கு நடுவே கண்டுபிடித்திருப்பார். சிங்கப்பூரில் மூலைக்கு மூலை கேமரா, இங்கே துப்பறியும் கதையே எழுத முடியாது என்று ஒரு நண்பர் அடிக்கடி சொல்வார். 2012-இல் தொடங்கி புளோக்குகளும் பலமாடிக் கார் நிறுத்தங்களுமாக 10,000 இடங்களில் போலீஸ் கேமரா மாட்டியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். எங்கள் புளோக்கிலும் இருக்கிறது, மின்தூக்கி வாசலையும் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டு. ‘குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று பொருளல்ல’ என்ற போலீஸ் வாசகமும் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேலே அண்ணாந்து பார்க்க ஒரு முக்காலிதான் இல்லாமலிருந்தது.

அன்றிரவு தேனீ எச்சத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். இதே கேஸை உலக வல்லரசுகள் நடத்தியிருக்கின்றன. 1981-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸ், கம்போடியா, ஆப்கானிஸ்தானில் சோவியத் ஆதரவோடு நச்சு ஆயுதம் பயன்படுத்துகிறார்கள் என்று குற்றம் சாட்டினார். வானத்திலிருந்து மஞ்சளாகத் துளிகள் விழுந்தன என்று காட்டிலிருந்து தப்பி வந்த மோங் அகதிகள் சொன்னார்கள். ‘மஞ்சள் மழை’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ மெசல்சன் அந்தத் துளிகளை ஆராய்ந்தபோது, அதில் நிறைய மகரந்தம், அதுவும் ஏற்கெனவே செரித்துச் சக்கையான மகரந்தம். தேனீ நிபுணர் தாமஸ் சீலியோடு 1984-இல் தாய்லாந்துக்குப் போனார். மலைத்தேனீக் கூட்டத்துக்குக் கீழே நின்ற அவர்கள் மேலேயே மஞ்சள் மழை பெய்தது. சீனாவில் ஜியாங்சு மாநிலத்தில் 1976-இலேயே இப்படி ஒரு பீதி கிளம்பி, அங்குள்ள ஆய்வாளர்கள் தேனீதான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை யாரும் கேட்கவில்லை. எனக்கு இதில் மெசல்சனைவிட மோங் மக்களைப் பற்றித்தான் நினைப்பு போனது. சொந்தக்காரர்கள் செத்து விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் போய், அது தேனீ எச்சம் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? புதிர் அவிழ்ந்ததே என்று அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்களா?

ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து அடையை எடுத்துவிட்டார்கள். ஆன்ட்டி எனக்கு நான்கு ஆரஞ்சுப் பழங்கள் கொடுத்தார். எதற்கு என்று தெரியவில்லை. ஏழாம் மாடிக்கு ஒரு பிலிப்பீன்ஸ் குடும்பம் வந்தது. வசிப்போர் குழுக்காரரிடம் தேனீ விஷயத்தைச் சொன்னேன். ‘அப்படியா, நல்லது’ என்றார். நான் முன்பு சொன்னது அவருக்கு நினைவில்கூட இல்லை என்று தோன்றியது. அல்லது நன்றாகவே நினைவிருந்தது.

ரசீது

புத்தகத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பதினான்கு வயதில் படித்தது, கொலையாளி யார் என்பது சுத்தமாக மறந்துபோச்சு. பங்களா, தொழிலதிபர் கொலை, சொத்து, இரண்டாவது மனைவி. டிரைவர் ஒருவர் இருக்கிறார். மகளுக்கு ஆபரேஷன் செய்யப் பணம் கேட்டு முதலாளியிடம் வாக்குவாதம் செய்திருக்கிறார். 58-ஆம் பக்கத்தில் அவரை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். ‘நான் இல்லைய்யா’ என்று ஒரே ஒரு வரி பேசுகிறார். 71 வரைக்கும் அவர் பெயர் மறுபடி வரவில்லை. 71-இல் ரசீது இருந்தது: ஒரு கோப்பி ஓ, இரண்டு பரோட்டா.

பையனின் எண் என்னிடம் இருந்தது. ஒருமுறை எங்கள் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்த வந்தபோது வாங்கி வைத்தது. ஐந்து மாதம் அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம்தான் எழுதினேன். ‘தம்பி, அந்த மஞ்சள் கறை தேனீயாம். பன்னிரண்டாம் மாடியில் அடை கட்டியிருந்தது. அன்றைக்கு நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். வெளியிலும் சொன்னேன். மன்னித்துக்கொள்.’

இரவு பதினொன்றரைக்கு ஷிப்டு முடித்துப் பதில் போட்டிருந்தான். ‘தேனீன்னு தெரியுங்கண்ணா. பெரிய பூச்சி, மலைத்தேனீ. எங்கூர்ல பாறையில கட்டும். துணியில அப்படித்தான் அடிக்கும். வீட்டு ஓனர்ட்ட சொன்னோம். கதை விடாதீங்கன்னுட்டாரு.’

எனக்குக் கை நடுங்கியது. ‘என்னிடம் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டேன்.

‘லிப்ட்ல சொல்லத்தாண்ணா வந்தேன். நீங்கதான் தெரியும்னு சொன்னீங்களே.’

வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அவனே மறுபடி அனுப்பினான்: ‘அத விடுங்கண்ணா. அந்தக் கதையில டிரைவரை விட்டாங்களா?’

படித்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி என்று எழுதியிருக்கிறேன். இன்னும் இருபத்தைந்து பக்கம் இருக்கிறது.